எண்ணூர்ப் படகும் நான் தட்டச்சு செய்யாமல் விட்ட கட்டமும்

மாதாந்திர அறிக்கை எழுதிப் பிழைக்கிறவர்கள் சிலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறார்கள் என்று பின்னூட்டங்களில் தெரிகிறது. உங்களுக்காகத்தான் இந்தப் பழைய பயணம். எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஒரு சமூக நல நிறுவனத்தில் எனக்கு வேலை. கடலோரக் குப்பங்களிலிருந்து தபாலில் வரும் அறிக்கைகளைத் தொகுத்து, ஒரே தாளாகத் தட்டச்சு செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று வருடம் செய்தேன், ஒரு குப்பத்தைக்கூடப் பார்த்ததில்லை. அந்த ஐப்பசியில் மேலாளர், "எண்ணூர்ப் படகுத் திட்டம்தான் நம்மகிட்ட நல்லா நடக்குது, ஒரு நடை போய்ப் பாருங்க" என்றார். துரை மாதிரி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

காலை 8.10க்குப் பேருந்து, சீட்டு முப்பத்தைந்து காசு. திருவொற்றியூர் தாண்டியதும் ஆலைப் புகையில் கண் எரியும், கைக்குட்டை அவசியம். 9.25க்கு எண்ணூர். அங்கிருந்து கழிமுகத் துறைக்கு ஒன்றரை மைல் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சேறு விடாது.

துறையில் எங்கள் படகு நின்றது. அக்கரைக் குப்பத்திலிருந்து பிரசவத்துக்குப் போகிறவர்களையும் நோயாளிகளையும் ஏற்றிவர நாங்கள் கொடுத்தது. ஓட்டுகிறவர் எல்லப்பன். நான் நடுப்பலகையில் உட்கார்ந்ததும் கையில் ஒரு டால்டா டப்பாவைத் திணித்தார்.

"எதுக்குப்பா இது?"

"நடுவுல குந்துனவங்க தண்ணிய மொண்டு ஊத்தணும் சார். இல்லாட்டி முழுகிடும்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். பாதி தூரத்தில் கணுக்கால் வரை தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது. இருபது நிமிடமும் பேய் பிடித்தவன் போல மொண்டு ஊற்றினேன். இஸ்திரி போன இடம் தெரியவில்லை.

அக்கரையில் பிலோமினா டீச்சர் நின்றார். ராயபுரத்துக்காரர், குப்பத்தில் தங்கி அறிக்கை அனுப்புகிறவர் அவர்தான். பக்கத்தில் நிறைமாதமாக தேசம்மா. "பத்து நாள்ல பிரசவம் சார். போன தபா ரத்தம் நிக்கல, பொழச்சதே பெருசு. இந்தத் தபா ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆவணும்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க" என்றாள். இந்தப் படகிலா என்று நினைத்தேன். வந்த கோபத்தை எல்லப்பன்மேல் காட்டினேன்.

"கடல்ல போறவங்க நீங்க. ஒரு பலகையை மாத்தத் தெரியாதா?"

"அரை நாள் வேல சார். நாங்க கட்டாத படகா? ஆபீஸ் உத்தரவு இல்லாம கைய வெக்கக் கூடாதுன்னு உங்க பேப்பர்ல போட்டுக்கீது. போன வருசம் ஒரு ஆணி அடிச்சதுக்கே, படக எடுத்துக்கினு பூடுவேன்னு ஒரு சூப்பர்வைசர் குதிச்சாரு."

அந்த நிபந்தனையைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். விடாமல், "அப்ப எழுதிக் கேட்டிருக்கணும்ல?" என்றேன்.

டீச்சர் தான் அனுப்பிய அறிக்கைகளின் நகல் நோட்டை எடுத்து வந்து விரித்தார். படகு: 1. பயன்பாட்டில்: ஆம். பக்கத்தில் குறிப்புக் கட்டம்: "அடிப்பலகை இற்றுவிட்டது. பழுதுபார்க்க உத்தரவு தேவை." முந்தைய மாதத்திலும் அதே வரி. அதற்கு முந்தையதிலும். ஏழு மாதம் பின்னால் புரட்டினேன், எல்லாவற்றிலும் அதுவே. தலைமை அலுவலகத் தாளில் குறிப்புக்குக் கட்டமே கிடையாது. அதனால் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை நான் படித்ததே இல்லை.

எனக்கு அதிகாரம் கிடையாது. இருந்தும் ஒரு தாள் வாங்கி, "பழுதுபார்க்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலு பேர் படகைக் கவிழ்த்தார்கள். எல்லப்பன் கைவைத்ததும் அடிப்பலகை டீயில் நனைத்த பொறையாக உதிர்ந்தது. அதன்மேல்தான் நான் வந்திருக்கிறேன். பிற்பகல் 3.30க்குள் புதுப் பலகை ஏறிவிட்டது. தார் காய இரண்டு நாள் ஆகும் என்று என்னை ஒரு வலைப் படகில் அனுப்பினார்கள். பத்தாம் நாள் தேசம்மா நனையாமல் கரை சேர்ந்தாள், பெண் குழந்தை என்று அடுத்த அறிக்கையில் டீச்சர் எழுதியிருந்தார். அதைக் குறிப்புக் கட்டத்தில்தான் படித்தேன்.

கள ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. புறப்படுமுன் பழைய அறிக்கைகளின் குறிப்புகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். அங்கே போனதும் யாரையும் அதட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் கிளம்பும்போது தேசம்மா, "மாசாமாசம் டீச்சர் கடுதாசி போட்டாங்களே சார், சேரலியா?" என்று கேட்டாள்.

"சேரலை" என்றேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நகல் நோட்டை மூடி இடுக்கிக்கொண்டார்.

"ஏழு மாசமா இன்னா பண்ணான் அந்தத் தபால்காரன், பேமானி" என்று ஆரம்பித்தாள் தேசம்மா. கரையில் நின்ற அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மனிதரின் வீட்டையும் வம்சத்தையும் விடவில்லை. ஒரு மாதம்கூடத் தவறாமல் டீச்சரின் அறிக்கைகளை என் மேஜைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்.