பால் ஊற்றாத கிழங்கு

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் உருளைக்கிழங்கைக் கல்யாணப் பந்தியில்தான் பார்க்க முடியும். இலையில் மஞ்சளாக ஒரு கரண்டி விழும். அதை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தின்று முடித்த பிறகு கடைசியில் வாயில் போடுவேன். அப்படிப்பட்ட கிழங்கு, முழுசாக ஐந்து, ஒரு நாள் துணிப்பையில் எங்கள் வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. பாண்டிச்சேரியில் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் அவள் சமையல் வேலை பார்த்தாள்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

கிழங்கு வந்த நேரம் நல்ல நேரமில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் என் தம்பி செத்துப்போயிருந்தான். இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. காய்ச்சல் என்று படுத்தவன் மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான். பால்காரம்மா வந்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு தட்டில் பொரியைப் போட்டு, கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாது என்றாள். நானும் பொரியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவும் அம்மாவும் மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்குப் போனார்கள். அளத்து வேலை இருட்டோடு தொடங்கிவிடும். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைப் பிடுங்கும், அதனால் பெண்கள் பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார்கள். தம்பி போன பிறகு அம்மா மட்டும் திரும்புவதில்லை. வாரிய உப்பைக் கூடையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுகிற வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பொழுது சாய்ந்துதான் வருவாள். வந்தால் காலைக் கழுவிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். சோறு போட்டு வைத்தால் இரண்டு வாய் அள்ளுவாள், மீதி கோழிக்குப் போகும். என்னிடம் பேசுவதே இல்லை. அதட்டுவதுகூட இல்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு கிடக்கும், ஆள் இருக்காது. விட்டத்தில் தம்பியின் தூளிக்கயிறு தொங்கும். தூளிச் சேலையை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள், கயிற்றை அவிழ்க்கவில்லை. நான் அதற்கு நேர் கீழே உட்காராமல் தள்ளி உட்கார்ந்து வாய்ப்பாடு படிப்பேன். சத்தம் போட்டுப் படிப்பேன்.

அம்மா பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் உப்பு மண்ணில் புல் முளைக்காது, மாடும் கிடையாது. பிரம்மதேசம் பக்கத்திலிருந்து அந்தப் பால்காரம்மா நடந்து வந்து தம்பிக்காகக் காலையில் ஆழாக்குப் பால் ஊற்றுவாள். அந்த நேரத்தில் அம்மா அளத்தில் இருப்பாள். பாலைக் காய்ச்சித் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அவனைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவது என் வேலை. நான் என்ன செய்தேன் என்றால், காய்ச்சிய பாலில் இரண்டு வாய் குடித்துவிடுவேன். குறைந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றி நிரவிவிடுவேன். தம்பிக்கு அது தெரியாது. டம்ளரைக் கீழே வைத்ததும் சிரிப்பான், மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். அவனுக்குக் காய்ச்சல் கண்ட அன்றைக்குக்கூட நான் இரண்டு வாய் குடித்திருந்தேன்.

அவன் போன மறுநாள் பால்காரம்மா வழக்கம்போல வந்தாள். அம்மா எழுந்து வாசலுக்குப் போய், இனிமேல் இந்த வாசலுக்குப் பாலைக் கொண்டுவராதே என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடுங்காப்பிதான். பொங்கலுக்குக்கூடப் பால் வாங்கவில்லை, வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரிசி போட்டாள். நான் திருடிக் குடித்தது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் எனக்கு இந்த வீட்டில் இனிப் பால் கிடையாது, பேச்சும் கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டேன். தண்ணீர் கலந்த பால் குடித்ததால்தான் தம்பிக்கு உடம்பில் தெம்பு இல்லாமல் போனதோ என்றும் தோன்றும். அதை நினைக்கிறபோது வாய்ப்பாட்டை இன்னும் சத்தமாகப் படிப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் சித்தி வந்தாள். அம்மாவைக் கொஞ்சம் பேசவைக்கலாம் என்று பாண்டிச்சேரிக் கதைகளாகச் சொன்னாள். அந்த வெள்ளைக்கார அம்மாவுக்குப் பல் இல்லையாம். அதனால் தினமும் உருளைக்கிழங்கை அவித்து, ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஒரு கருவியால் மசித்து, ஒரு டம்ளர் சூடான பாலை ஊற்றி, வெண்ணெயை ஓர் உருண்டை போட்டுக் கிளறி, உப்பும் மிளகும் தூவிக் கொடுக்கவேண்டுமாம். பஞ்சு மாதிரி இருக்குமாம். நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். பால் என்ற சொல் வந்ததும் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

சித்தி சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் ரோடு வரைக்கும் போனேன். பஸ் ஏறும் முன் என் தலையைத் தடவி, "உங்கம்மா ஒண்ணும் துன்றதில்ல போலக்குதே. உடம்பு என்னாத்துக்கு ஆவும்? அந்தக் கிழங்கையாவது எதுனா செஞ்சி குடுடி" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வெள்ளைக்கார அம்மாவின் கிழங்கைச் செய்துவிடுவது, ஆனால் பாலில்லாமல் செய்வது என்று நினைத்துக்கொண்டேன். பால் இல்லாமலே ருசியாகச் செய்து வைத்தால், எனக்குப் பால் ஆசை போய்விட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். சாப்பிடுவாள், பேசுவாள். இதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அந்த வயதில் தெரியவில்லை.

ஆளுக்கு ஒன்று என்று கிழங்கை எடுத்தேன். பழக்கத்தில் நாலு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

சவுக்கு மிலாறைப் போட்டு அடுப்பை மூட்டிக் கிழங்கை வேகவைத்தேன். புகையைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, இந்நேரத்துக்கு அடுப்பு எரியுது?"

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்டி, வெள்ளக்காரன் வூட்டுக்கு வாழ்க்கப்பட்டுப் போவப் போறியா?" என்றாள். பிறகு மனசு கேட்காமல், பால் இல்லாவிட்டால் என்ன, ஒரு மூடித் தேங்காய் தருகிறேன், துருவிப் பிழிந்து ஊற்று, அதுவும் பால் மாதிரிதான் இருக்கும் என்றாள். பால் மாதிரி இருக்கும் என்பதுதான் எனக்குப் பயம். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். கொழுப்பு பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பாலுக்குப் பதில் என்ன ஊற்றுவது என்று யோசித்தேன். கிழங்கு வெந்த தண்ணீரையே ஊற்றினேன். வெண்ணெய்க்குப் பதில் மல்லாட்டை எண்ணெய், கடலை எண்ணெய் என்பார்களே, அது. கீரை கடைகிற மத்தால் கடைந்தேன். சித்தி சொன்னபடி உப்பும் ஒரு கை போட்டேன். கடைசியில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தால், தூ, கடல் தண்ணீர்.

இந்தத் தப்பை எங்கள் அளத்துக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் தோண்டிய குழியில் ஊறுகிற தண்ணீரில்தான் நாங்கள் சோறு வடிப்போம். அதுவே உப்புத் தண்ணீர், அதனால் சோற்றுக்கு உப்பே போடுவதில்லை. நல்ல தண்ணீரை ஒரு மைல் நடந்துபோய்க் கொண்டுவரவேண்டும், அது குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் மட்டும். நான் பழக்கத்தில் கிழங்கைக் குழித்தண்ணீரில் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரையே ஊற்றி, பாண்டிச்சேரிக் கணக்குக்கு அதன்மேல் உப்பும் போட்டிருந்தேன்.

சட்டியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் கேட்கவில்லை, அதனால் நானே நிறுத்திக்கொண்டேன். மீதி இரண்டு கிழங்கு இருந்தது நினைவுக்கு வந்தது. அவற்றை நல்ல தண்ணீரில் உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு உப்புக் கிழங்கில் சேர்த்துக் கடைந்தேன். நாக்கில் வைத்தேன். கரிப்பு குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் எண்ணெய், மிளகு நாலு தட்டிப் போட்டு, தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆகிறவரை கடைந்தேன். ஒரு கட்டி இல்லை. வெள்ளை வெளேரென்று, உண்மையாகவே பஞ்சு மாதிரிதான் வந்தது. குடிக்கிற தண்ணீரில் பாதி தீர்ந்துபோயிருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் ஒரு மைல் போய் வந்தேன். ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை.

அப்பா அன்றைக்கு அளத்துக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டார். அம்மா விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. கால் கழுவி வந்து படுக்கப் பாயை எடுத்தவளின் முன்னால் தட்டை வைத்தேன்.

"இன்னா இது?"

"உருளைக்கிழங்கு. சித்தி சொல்லிச்சே, அது."

அம்மா தட்டைத் தொடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் ஊத்துனியா?"

"இல்லம்மா. வெந்த தண்ணிதான். ஒரு சொட்டு பால்கூட ஊத்தல." மத்தியானமெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். "எனக்கு இனிமே பாலே வேணாம்மா. எப்பவும் வேணாம்."

அம்மா தலையை நிமிர்த்தினாள். ஒரு மாதத்தில் அன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"யாருடி உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

அவள் என்னை இழுத்து மடிமேல் சாய்த்துக்கொண்டாள். என் முதுகில் உப்பு அரித்த அவள் உள்ளங்கை சொரசொரவென்று மேலும் கீழும் போனது. எனக்குக் குறுகுறுப்பாக இருந்தது, ஆனாலும் அசையாமல் கிடந்தேன். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் திருடிக் குடித்ததை அதற்குப் பிறகும் அவளிடம் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் அவளுக்கு அது தெரியாது.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். கடைசி நேரத்தில் ஆளாளுக்கு ஒரு மடக்கு பால் ஊற்றினோம். அம்மா மட்டும் டம்ளரைக் கையில் வாங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஊரார் ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்போதுதான் சித்தி என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். "உன் தம்பிக்கு அவதான்டி ஊத்துனா. அவன் குடிக்கிற டம்ளர்லயே. உள்ள போவல, கடவாயில வழிஞ்சிடுச்சி." தம்பி போன அன்று காலையில் வந்த பால் அது. நான் பக்கத்து வீட்டில் பொரி தின்றுகொண்டிருந்த நேரம்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அம்மா சாப்பிட்டாள் என்பதுதான். மெதுவாக, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். எனக்கும் ஊட்டினாள். ஊட்டும் முன் ஒவ்வொரு வாயையும் கட்டைவிரலால் தட்டின் விளிம்பில் வைத்து நசுக்கினாள். பிறகு திரும்பவும் நசுக்கினாள். அவ்வளவு நேரம் கடைந்த கிழங்கில் இன்னும் கட்டி இருக்கிறதா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"நல்லா மசியலயாம்மா?" என்று கேட்டேன்.

"மசிஞ்சிதான் இருக்குது" என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்த வாயையும் நசுக்கினாள், கடுகளவாக, பல் முளைக்காத பிள்ளைக்குத் தருவதுபோல.

அடுத்த தடவை இன்னும் கொஞ்ச நேரம் கடையவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.