பட்டியில், பட்டியாய்

எங்கள் ஊரில் மதச் சண்டை வந்ததே இல்லை என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். தொண்ணூறுகளில் ஒருமுறை வரப் பார்த்தது. ஆரம்பித்தவள் நான். அது முற்றாமல் போனதற்கு என் நல்ல குணம் காரணமில்லை. நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் எனக்கு மதத்தின்மேல் பெரிய வைராக்கியமெல்லாம் கிடையாது. எனக்கு இருந்தது பொறாமை. அதை அந்தப் பெயரில் சொல்ல வெட்கமாக இருந்ததால் மதம் என்று சொன்னேன்.

கேரள எல்லைக்குள், பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். நாங்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். மூன்று வீடு தள்ளி என் தோழி வீடு, அவர்கள் இந்துக்கள். இரண்டு வீட்டிலும் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். எனக்கு மட்டும் அம்மா பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தோழிக்குத் தமிழ் வாயில் உண்டு, கண்ணில் இல்லை. தமிழ்ப் பாட்டு எதுவானாலும் யாராவது வாசித்துச் சொல்ல, அவள் மலையாள எழுத்தில் எழுதிக்கொள்வாள். என் குற்றம் இந்தச் சந்துக்குள்தான் புகுந்தது.

இருவரும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகும்; ஓணத்துக்கு அவர்கள் பாயசம் தூக்குவாளியில் எங்கள் வீட்டுக்கு வரும். இதற்கு மத நல்லிணக்கம் என்று ஒரு பெயர் உண்டு என்பதே கல்லூரியில் அந்தத் தலைப்பில் பேச்சுப்போட்டி வைத்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். இருவரும் பேசினோம். எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாருக்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் அப்படித்தான். அவளுக்கு முடி இடுப்புவரை. எனக்கு அம்மா எத்தனை எண்ணெய் வைத்தும் தோளைத் தாண்டவில்லை. என் அம்மா மீன் பொரித்தால் முதல் துண்டு அவளுக்கு. "அந்தப் பிள்ளைக்க அடக்கத்தப் பாரு" என்பது எங்கள் வீட்டில் என்னைத் திட்டுகிற வாசகம். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், என்னிடம் மட்டும் இருந்த ஒரு பொருள்: கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில் தனிப்பாட்டு. மூன்று வருடமாக அதைப் பாடியவள் நான். ஆலயம் நிறைந்திருக்கும், கொயர் வாய்மூடி நிற்கும், என் குரல் மட்டும் கேட்கும். வருடத்தில் அந்த நான்கு நிமிடம் நான் அவளைவிட மேல்.

கொயர் பயிற்சி சனிக்கிழமை மாலை. என்னோடு சேர்ந்து வீட்டுக்கு நடக்க அவள் பின் பெஞ்சில் காத்திருப்பாள். சும்மா இருந்திருக்கலாம். ஒருநாள் எங்களோடு சேர்ந்து முணுமுணுத்தாள். கொயர் சார் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். அவர் நாகர்கோவிலுக்கும் கிழக்கே இருந்து வந்த தமிழ் வாத்தியார். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது, ஆனால் காது பொல்லாதது.

"பின்னால பாடுறது யாரு?" என்றார்.

இரண்டே வாரத்தில் அவள் முன்வரிசைக்கு வந்தாள். மூன்றாவது வாரம், அந்த வருடத்துக்கென்று அவர் எழுதிய புதுப் பாட்டின் தனிப்பாட்டு அவளுக்கு என்று சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சாரைத் தனியாகப் பிடித்தேன். "சார், அவ இந்துவாக்கும். ஞானஸ்நானம் எடுக்காத ஆளு பலிபீடத்துப் பக்கம் நின்னு பாடலாமா? சபையில ஆராவது கேட்டா?" என்றேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"யாரு கேட்டா?" என்றார் சார்.

"இதுவரை ஆரும் கேக்கல்ல."

"கேட்டா அனுப்பி வை, பேசிக்கலாம்."

விடவில்லை. போதகர் வீட்டுக்குப் போய், நாட்டில் அங்கங்கே கலவரம் என்று பேப்பரில் வருகிறதே, இந்த நேரத்தில் இது தேவையா என்று பெரிய மனுஷி மாதிரிக் கேட்டேன். அவர் நான் சபைமேல் வைத்திருக்கும் அக்கறையை மெச்சி, இந்த நேரத்தில்தான் இது வேண்டும் என்று முடித்துவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கறிக்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்து என்னைப் பார்த்தாள். "எடி, ஒனக்குப் பாட்டு போச்சு. அதுக்கு ஏசுவ இழுக்காத" என்றாள். பெற்றவளிடம் எதை மறைக்க முடியும்? அன்று சோறு உண்ணவில்லை.

கடைசிப் பயிற்சிக்கு அவள் வரவில்லை. அவளுடைய தம்பி மலைக்கு மாலை போட்டிருந்தான்; அன்றைக்கு அவர்கள் வீட்டில் இருமுடிக்கட்டு நிறைக்கிற சடங்கு. சார் தனிப்பாட்டின் மூன்றாம் சரணத்தில் எதுகை உதைக்கிறது என்று இரண்டு வரியை மாற்றிக் கொண்டுவந்திருந்தார்.

எட்டி நின்ற நானும் வந்தேன் – உன்
பட்டியில் என்னைச் சேர்த்தாய்.

கொயர் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாள். சாருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் பட்டி என்றால் நாய். மலையாளத்திலும் நாய், எங்கள் தமிழிலும் நாய். "சார், இங்க பட்டின்னா குரைக்கும்" என்று ஒரு பையன் விளக்கினான். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆட்டுப்பட்டி, ஆடு அடைக்கிற இடம், நல்ல தமிழ், நீங்கள் சிரிப்பதற்காகத் தமிழை மாற்ற முடியாது என்று கால்மணி நேரம் வகுப்பெடுத்தார். கடைசியில், "அந்தப் பிள்ளைக்கு இதை யார் போய்ச் சொல்றது?" என்றார்.

"நான் சொல்லிக்கொடுக்கேன் சார்" என்றேன். அவ்வளவு சீக்கிரம் என் கை எதற்கும் உயர்ந்ததில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் ஐயப்பனைக் கூப்பிடும் சரணம் விளி கேட்டது. தம்பி கறுப்பு வேட்டியில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக அரிசி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும், "வா மக்கா, நீயும் ஒரு பிடி போடு" என்றாள். போட்டேன். அதற்குப் பிறகு அவள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தாளைப் பார்த்து வாசித்தேன். எட்டி நின்ற நானும் வந்தேன். எழுதினாள். உன் பட்டியாய் என்னைச் சேர்த்தாய்.

பேனா நின்றது. "பட்டியாய்னா?" என்றாள்.

"ஆமா."

"பட்டி தானே?"

"சார் அப்படித்தான் எழுதியிருக்காரு" என்று தாளைக் காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தே காட்டினேன். அவள் அந்தத் தமிழ் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பாட்டு ஆராதனை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சந்தனப் பொட்டோடு முன் பெஞ்சில் இருந்தார்கள். என் அம்மாதான் கைபிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். பின்வரிசையில் இளைஞர் சங்கத்துப் பையன்கள். எதற்கும் சிரிக்கிற கூட்டம் அது. நான் அவர்களைத்தான் நம்பியிருந்தேன்.

முதல் இரண்டு சரணமும் அவள் பாடியதைக் கேட்டு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதற்கும் அவள்மேல் ஆத்திரம் வந்தது. மூன்றாம் சரணம். எட்டி நின்ற நானும் வந்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். உன் பட்டியாய் என்னைச் சேர்த்தாய்.

பின்னால் ஒருவன் கனைத்தான். கொயரில் இரண்டு தோள்கள் குலுங்கின. சாரின் கை காற்றில் அப்படியே நின்றது. அவள் ஒன்றையும் கவனிக்காமல் அதே வரியை இரண்டாம் முறையும் பாடினாள், முன்னதைவிட மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் என் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போதகர் செய்தி கொடுக்க எழுந்தார். எழுதிவைத்திருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேறு இனத்துப் பெண் ஒருத்தி இயேசுவிடம் வந்து, மேசையிலிருந்து விழும் துணுக்கை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று சொல்லித் தன் பிள்ளைக்குச் சுகம் வாங்கிக்கொண்டு போன கதையைச் சொன்னார். உள்ளே இருக்கிற நமக்கு அப்படிச் சொல்ல ஒருநாளும் வாய் வந்ததில்லை, இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றார். ஆலயம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. நான் குழி வெட்டினேன், அவள் அதில் விழுந்து புதையலோடு ஏறி வந்தாள். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொறாமையை நான் பட்டதில்லை.

வாசலில் சார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் எழுதினது 'இல்'. அவ பாடினது 'ஆய்'. நடுவுல நீதான் இருந்தே." அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "சரியா பாடுனேனா? அந்த வரி எழுதும்போ எனக்கு என்னவோ போல இருந்துது. அம்மயிட்ட கேட்டேன். சாமி முன்ன நிக்கும்போ நாம பின்ன ஆருடி, அவியளுக்க கோயில்ல அப்படிச் சொல்லணும்னா சொல்லு மக்கான்னு அம்ம சொன்னா. பின்ன நீ சொல்லித் தந்ததில்லியா, தப்பா இருக்காதுன்னு நினைச்சேன்."

"நல்லா பாடுன" என்றேன்.

அடுத்த வருடம் அவள் வெளியூரில் நர்ஸிங் படிக்கப் போய்விட்டாள். தனிப்பாட்டு எனக்கே திரும்பி வந்தது. போதகருக்கு அந்தப் பாட்டுத்தான், அவள் பாடியபடியே, வேண்டும் என்று ஆசை. சைக்ளோஸ்டைல் தாளில் பார்த்தேன்: பட்டியாய். சார் என் முகத்தைப் பார்க்காமல் தாளைக் கொடுத்தார்.

ஆலயம் நிறைந்திருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த அவள், தன் அம்மாவோடு முன் பெஞ்சில் இருந்தாள். மூன்றாம் சரணம் வந்தது. உன் பட்டியாய் என்று என் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், பின்வரிசையில் ஒருவன் குரைத்தான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் பெஞ்சிலிருந்து திரும்பி, "எலே, சும்மா இரி" என்றாள். ஆலயம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமில்லை. மிச்சத்தை எப்படிப் பாடி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவளுடைய அம்மா விளக்கேற்ற நேரமாயிற்று என்று முன்னால் போய்விட்டாள். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். இதற்குமேல் மனதில் வைத்திருந்தால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. "அது பட்டியாய் இல்ல. பட்டியில். ஆட்டுப்பட்டி. நான் வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்" என்றேன்.

அவள் நின்றாள். என்னை உற்றுப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"எனக்க அம்மயிட்ட இத சொல்லாண்டாம், கேட்டியா" என்றாள். "அம்ம இப்பவும் அந்திக்கு விளக்கு கொளுத்திட்டு நாமம் சொல்லி முடிச்சா, கடைசியில அந்த வரியாக்கும் பாடுதது."

அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாமம் முடிந்து, சுருதி சேராத குரலில் அந்த அம்மா பாடுவது கேட்டது. உன் பட்டியாய் என்னைச் சேர்த்தாய். அவள் என் பக்கம் திரும்பாமல் நின்றாள். நானும் நின்றேன்.

பாடி முடித்து எழுந்தபோதுதான் அந்த அம்மா எங்களைப் பார்த்தாள். "உள்ள வா மக்கா. இன்னைக்கு நீயும் நல்லா பாடுன" என்றாள்.

நீ என்று சொல்லியிருக்கலாம். நீயும் என்றாள். வேறொரு நாளாக இருந்தால் அந்த 'உம்' ஒரு மாதம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். அன்றைக்கு அதுவே அதிகம் என்று பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.