டபுள் பிரேக்கின் வலது கால்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டப் பழகுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே தலை நரைத்தவர் நம்முடைய ஆள். ஊரே அவரை டபுள் பிரேக் என்றுதான் கூப்பிட்டது. அவரிடம் பழகியவர்கள் வைத்த பெயர் அது. அவர்களுடைய பிள்ளைகளும் வளர்ந்து, அதே சீட்டில் உட்கார்ந்து, அதே பெயரைச் சொன்னார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்த வலது காலுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. சோபாவுக்கு முன்னால் விரித்திருந்த விரிப்பில் அவர் கால் படும் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. டிவியில் ஒரு கார் இன்னொரு காரைத் துரத்தினால் போதும், கால் தானாக அமுங்கும். சினிமாத் தியேட்டரில் முன்வரிசைக்காரர் படம் முடிவதற்குள் மூன்று முறையாவது திரும்பி முறைப்பார். பல் டாக்டர் ஒருமுறை ஊசியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் இவர் பிரேக் போட்டார்; பக்கத்திலிருந்த தட்டு சாமான்களோடு பறந்துபோய் அலமாரிக்கடியில் விழுந்தது.

வாயும் காலுக்கு இளைத்ததில்லை. "ஓரம், ஓரம்... கண்ணாடியப் பாரு... பிரேக்!" இதுதான் அவருடைய காலை வணக்கம், மாலை வணக்கம் எல்லாம். ஒரே மகள் நடை பழகிய காலத்தில் அவளுக்கும் இதையேதான் சொன்னார். இப்போது அவள் கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள். எவ்வளவு தொலைவு என்று நாம் கேட்கக் கூடாது.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் தொழிலுக்கு இரண்டே வாக்கியம் போதும். "மூச்சை இழுத்துப் பிடிங்க." உள்ளே போய், கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பொத்தானை அமுக்கிவிட்டு, "இப்ப விடலாம்." எப்பேர்ப்பட்ட ஆளும் அவள் சொன்னால் மூச்சைப் பிடிப்பார், சொன்னால் விடுவார். அப்படி ஒரு குரல்.

டபுள் பிரேக்குக்கு இருமல் வந்தபோது அவள்தான் நெஞ்சைப் படம் எடுத்தாள். விளக்குப் பலகையில் படத்தை மாட்டி, இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதைச் சுத்தி இருக்கறதுதான் ஜாஸ்தி," என்றாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். டிரையத்லான் போட்டி. முதலில் ஏரியில் நீந்த வேண்டும், கரையேறிச் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி ஓட வேண்டும், எல்லாம் ஒரே மூச்சில். தம்பதிகளுக்குத் தனிப் பிரிவு; இருவரும் சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே கோட்டைத் தாண்ட வேண்டும். அவள் லிஃப்டிலிருந்து இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டாள். கணவரிடம் கேட்கவெல்லாம் இல்லை. சொன்னாள்.

ஜிம்மில் ஆரம்பித்தார்கள். அங்கே நிற்கிற இடத்திலேயே நிற்கும் சைக்கிள் ஒன்று உண்டு. அதிலிருந்து இறங்கும் முன் டபுள் பிரேக் பின்னால் திரும்பிப் பார்த்து, வலது கையை நீட்டிச் சிக்னல் காட்டுவார். பயிற்சி கொடுக்கும் பெண்மணி முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் வாரத்தில், அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும் கையைக் காட்டிவிட்டுத்தான் இறங்கினார்கள்.

நீச்சல்தான் அவரை ஆட்டிவைத்தது. அவருக்குத் தண்ணீர் என்றால் ரேடியேட்டரில் ஊற்றுவது. மனைவி சின்ன வயதிலேயே நீந்தப் பழகியவள், ஆகவே அவளே வாத்தியார். முதல் பாடமாக அவரை நீச்சல் குளத்தின் ஆழமில்லாத மூலையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க, தலையை உள்ள விடுங்க, நான் முதுகைத் தட்டறப்ப வெளிய எடுங்க," என்றாள். அவரும் அப்படியே செய்தார். அந்த நேரம் பார்த்து, கூட வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி கரையில் வந்து நின்று, "நம்ம பெரிய டாக்டரம்மா விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். தெரியாது. ஆகவே மனைவி அவரை அப்படியே விட்டுவிட்டுக் கரையோரமாகப் போய்க் கேட்டாள்.

ஆயுசு முழுக்கப் பிறருக்கு உத்தரவு போட்டவர் டபுள் பிரேக். உத்தரவு என்றால் உத்தரவு. தட்டவில்லை, ஆகவே எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த புண்ணியவான் ஒருவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"ஏங்க, அறிவிருக்கா? மூச்சு முட்டினா எடுக்க வேண்டியதுதானே?"

"நீ தட்டவேயில்லையேம்மா," என்றார் அவர், இருமலுக்கு நடுவில்.

திட்டிக்கொண்டேதான் அவர் தலையைத் துவட்டிவிட்டாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ போலாகிவிட்டது. இந்த மனுஷன் தன் பேச்சைக் கேட்டு இப்படி நின்றதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

மிதக்கவும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டார். ஆனால் பயம் வந்தால் வலது கால் பிரேக் போடும். தண்ணீரில் ஒரு கால் கீழே அமுங்கினால் உடம்பு நட்டுக்குத்தாக நின்று, அப்படியே இறங்கும். மற்றவர்கள் குறுக்கே நீந்தினார்கள். இவர் மேலும் கீழுமாக நீந்தினார்.

இத்தனை அவஸ்தையிலும் அவருக்குக் குளத்தில் கழித்த அந்தக் காலை வேளைகள் பிடித்துப்போயின. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஷிஃப்ட் ஒரு பக்கம், அவருடைய விடியற்காலை மாணவர்கள் ஒரு பக்கம். வீட்டில் பார்த்துக்கொண்டதைவிட வாசற்படியில் பார்த்துக்கொண்டதுதான் அதிகம். இப்போது குளித்து முடித்து, ஈரத்தலையோடு, குளத்துக்கு எதிர்க் கடையில் இருவரும் ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் உட்கார்ந்தார்கள். அதற்காகவே அவர் எத்தனை வாய்த் தண்ணீர் வேண்டுமானாலும் குடிக்கத் தயாராக இருந்தார்.

கெடுத்தது சைக்கிள். ரோட்டுக்கு வந்ததுமே அவருக்குப் பழைய கெத்து திரும்பிவிட்டது. அவள் முன்னால் மிதிக்க, இவர் பின்னால் வந்துகொண்டே, "ஓரம், ஓரம். கியர் மாத்து. பின்னாடி வண்டி வருது. பள்ளம்! பிரேக், பிரேக்!" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை ஓதினார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்தினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"பிரேக்குங்கற வார்த்தை இனிமே ஒரே ஒரு தடவை காதுல விழட்டும். போட்டியா இருந்தாலும் சரி, இறங்கி நடக்க ஆரம்பிச்சிடுவேன். அப்பறம் குளமும் வேணாம், ஜிம்மும் வேணாம். நீங்க உங்க காரோட இருங்க, நான் என் எக்ஸ்ரேவோட இருக்கேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சும்மா மிரட்டல் என்று விட்டிருப்பார். இவள் செய்து காட்டியவள். கல்யாணமான புதிதில் அவளுக்கு ஆசை ஆசையாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போனார். தெருமுனைக்குள் இருபது பிரேக் சொல்லியிருப்பார். அவள் நாற்சந்தி நடுவில் வண்டியை நிறுத்தினாள், சாவியை உருவினாள், இறங்கி வீட்டுக்கு நடந்தாள். சுற்றிலும் அத்தனை வண்டியும் ஹார்ன் அடிக்க, சாவியில்லாத காரில் டபுள் பிரேக் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றோடு சரி. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மனைவி இன்றுவரை பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள்.

ஆகவே அவர் வாயைத் தைத்துக்கொண்டார். சொல்ல வந்ததையெல்லாம் விழுங்கினார். போட்டிக்கு மிச்சமிருந்த அந்த ஒரு மாதத்தில் அவருக்கு வயிறு குறையாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

போட்டி நாளன்று ஏரியில் இறங்கியதும் கால் வேலையைக் காட்டியது. ஆழம் தெரிந்ததும் அமுங்கியது, ஆள் நட்டுக்குத்தானார். மனைவி பக்கத்தில் வந்து, அந்த எக்ஸ்ரேக் குரலில், "மூச்சை இழுங்க... இப்ப விடலாம். இழுங்க... விடலாம்," என்றாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே எதிர்க்கரை சேர்ந்தார். அவர்களுக்குப் பின்னால் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது, அதுவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

சைக்கிள் முக்கால்வாசி நல்லபடியாகவே போனது. அவள் முன்னால், அவர் பின்னால், வாய் இறுக்க மூடி. பிறகு ஒரு இறக்கம் வந்தது. இறக்கத்தின் அடியில் வளைவு. வளைவில், மேசை போட்டுக் காகிதக் கோப்பைகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு அசுர வேகத்தில் இறங்கினாள். அப்போதுதான் ஏரிப் பக்கமிருந்து ஒரு வாத்துக் கூட்டம், ஏதோ ரிப்பன் வெட்ட வந்த பிரமுகர்கள் கணக்காக, நிதானமாக ரோட்டைக் கடக்க ஆரம்பித்தது.

அவர் பார்த்துவிட்டார். அவள் பார்க்கவில்லை.

தொண்டை வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. சொன்னால் அந்தக் காலை வேளைகள் போச்சு, டீ போச்சு. சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாளோ? சொல்லிவிடுவது என்றே வாயைத் திறந்தார். ஆனால் வாயைவிடக் கால் வேகமானது. எத்தனையோ வருஷப் பழக்கம், வலது கால் முழு பலத்தோடு ஓங்கி அமுக்கியது.

காரில் அப்படி அமுக்கினால் வண்டி நிற்கும். சைக்கிளில் அமுக்கினால் பறக்கும். சைக்கிளுக்கு பிரேக் கையில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவிலேயே இல்லை. பயம் கூடக் கூட அமுக்கினார், அமுக்க அமுக்க வேகம் கூடியது. மனைவியை விர்ரென்று தாண்டினார். வாத்துகள் கௌரவத்தை விட்டுவிட்டுச் சிதறின.

அவளும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தன் கணவர் தண்ணீர் மேசையை நோக்கி ராக்கெட் மாதிரி போவது தெரிந்தது.

"பிரேக்! பிரேக்! ஐயோ, பிரேக்கப் பிடிங்க! ஓரம், ஓரம், பிரேக்க்க்!"

ஏரி முழுக்க எதிரொலித்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விலகினார்கள். டபுள் பிரேக் மேசையோடும் கோப்பைகளோடும் புல்லில் போய் உட்கார்ந்தார். சைக்கிளின் முன் சக்கரம் நெளிந்து எட்டுப் போட்டிருந்தது.

அவள் சைக்கிளை வீசிவிட்டு ஓடி வந்து, அவர் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா? இங்க? இங்க?"

"சிரிச்சாத்தான் வலிக்கும்போல."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"எத்தனை பிரேக் சொன்னே தெரியுமா?"

அவள் அவர் பக்கத்திலேயே, அந்த ஈரப் புல்லில், தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எனக்கு உயிரே போயிடுச்சுங்க," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஏங்க, நீங்க கத்தறதும் இப்படித்தானா? பயத்துலயா?"

"பின்ன வேற எதுக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியலன்னு திட்டறீங்கன்னுதான் நான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

அன்று சாவியோடு போன அந்தப் புதுப்பெண்ணின் முதுகு அவர் கண்ணில் வந்து நின்றது. தலையில் ஒட்டியிருந்த காகிதக் கோப்பையை எடுத்து, அதில் மிச்சமிருந்த தண்ணீரை அவளிடம் நீட்டினார். அவள் குடித்தாள்.

"சரி, எழுந்திருங்க. பிரேக்குன்னு காதுல விழுந்தா இறங்கி நடப்பேன்னு சொன்னேன் இல்ல? விழுந்திடுச்சு. நடங்க."

நடந்தார்கள். அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டும், அவர் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டும். ஓட வேண்டிய தூரத்தையும் நடந்தே கடந்தார்கள். எல்லைக் கோட்டுக்கு வந்தபோது, போட்டி நடத்தியவர்கள் அங்கே வைத்திருந்த காற்றடைத்த அலங்கார வளைவைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது பாதி சரிந்து கிடந்தது. இருவரும் அதற்கடியில் தவழ்ந்து மறுபக்கம் வந்தார்கள். சண்டை போட்ட ஜோடி எப்போதோ வந்து, சமாதானமாகி, வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை டிரைவிங் ஸ்கூல் கார் அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள். பக்கத்து சீட்டில் டபுள் பிரேக், அவள் போட்ட நிபந்தனைப்படி, இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு. வலது கால் தொடைக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது.

"என்னமும் சொல்லணும்போல இருக்கா?" என்றாள்.

இருக்கிறது என்று தலையாட்டினார்.

அவள் சாவியைத் திருகினாள். கண்ணாடியைப் பார்த்தாள், அவர் சொல்லாமலே.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

இழுத்துப் பிடித்தார். கார் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. பால்காரர் சைக்கிளைத் தாண்டியது, எதிர்வீட்டுச் சுவரை உரசாமல் தாண்டியது, அந்தப் பழைய நாற்சந்தியையும் தாண்டியது. அவள் மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டாள். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை.