சிவப்பு இல்லாத மருந்து

போன வாரம் கட்டப்பனையில் ஒரு மருந்துக் கடையில் இருமலுக்கு மருந்து கேட்டேன். வழக்கமாக நான் வாங்குவது சிவப்பாக இருக்கும். கடைப் பெண் எடுத்து வைத்ததோ மஞ்சள். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நிறம் மாத்திரம்தான் வேற, அப்பச்சா. மருந்து அதுதான்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மருந்து இன்னும் திறக்காமல் அலமாரியில் இருக்கிறது.

அந்தப் பெண் சொன்னதையே என் அப்பா ஒரு டிசம்பர் மாதத்தில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பவில்லை. அதற்குக் காரணம் நான். இந்த வயதில் இதை எழுதுவதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. எழுதாமலும் இருந்து பார்த்துவிட்டேன். அதிலும் இல்லை.

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், கேரள மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கம்பவுண்டர். தோட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரியும் டாக்டரும் வெகு தூரத்தில் இருக்க, எங்கள் டிவிஷனுக்கு என்று இருந்தது ஓர் ஒற்றை அறை. நடுவில் ஒரு மேசை, சுவர் நிறையக் கண்ணாடி ஜாடிகள். மாத்திரைகள் அபூர்வமாக இருந்த காலம் அது. மருந்து என்றால் அப்பா அங்கேயே கலக்கிக் கொடுக்கும் தண்ணீர் மருந்துதான். இருமலுக்குக் கறுப்பு, வயிற்றுப்போக்குக்கு வெள்ளை, காய்ச்சலுக்குச் சிவப்பு.

குப்பி கொண்டுவருவது நோயாளியின் பொறுப்பு. தேங்காயெண்ணெய்க் குப்பி, பிராந்திக் குப்பி, மூடி தொலைந்து காகிதம் சுருட்டி அடைத்த குப்பி என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்து எல்லாம் வரும். அப்பா ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். மருந்தை அளந்து ஊற்றிய பிறகு, வேளைக்கு ஒரு பல்லாக ஓரத்தில் வெட்டிய காகிதத் துண்டைக் குப்பியின் பக்கவாட்டில் ஒட்டுவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பல்தான் கணக்கு. மருந்து ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை முடிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காகிதம் வெட்டுவதும் மைதாப் பசை காய்ச்சுவதும் என் வேலை.

காய்ச்சல் மருந்து பிறவியிலேயே சிவப்பு அல்ல. கலக்கி முடித்ததும் அது தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். மேல் தட்டில் இருந்த சின்னக் குப்பியில் இருந்து அப்பா சில சொட்டு விட்டால் ரோஜாப்பூ நிறத்துக்கு வரும். "இதுல ஒண்ணும் இல்லலே. வெறும் கலரு. கறுப்பையும் வெள்ளையையும் மாத்திக் குடிச்சிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் அதை மிகச் சரியாகப் புரிந்துகொண்டேன். ஒன்றும் இல்லாத ஒரு பொருளை எடுத்தால் ஒன்றும் ஆகாது.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெபக்கூடத்துக்கு எதிரே நின்ற சில்வர் ஓக் மரத்தில் நட்சத்திரம் கட்டுவது எங்கள் லயத்துப் பிள்ளைகளின் பொறுப்பு. மேல் டிவிஷன்காரர்கள் முந்தின வருஷம் சிவப்பு நட்சத்திரம் கட்டி, எங்கள் வெள்ளை நட்சத்திரத்தைப் பார்த்து, "என்னலே, ஒங்க வானத்துல சோகை பிடிச்சிருக்கு?" என்று கேட்டிருந்தார்கள். அந்த வருஷமும் போடியில் இருந்து வர வேண்டிய வண்ணக் காகிதம் வரவில்லை. என்னிடம் வெள்ளைக் காகிதம்தான் இருந்தது.

அப்பா சாப்பிடப் போயிருந்த மதியத்தில் முக்காலி போட்டு ஏறி அந்தச் சின்னக் குப்பியை எடுத்தேன். பாதி போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் காகிதம் குடித்துக்கொண்டே இருந்தது. முழுவதையும் பேசினில் ஊற்றித் தாள் தாளாக நனைத்து உலர்த்தினேன். காலிக் குப்பியை ஓடையில் எறிந்தேன்.

மறுநாள் அப்பா தட்டுகளை எல்லாம் இறக்கித் தேடினார். அம்மாவிடம் கேட்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"மேல இருந்த சின்னக் குப்பியப் பாத்தியாலே?"

"இல்லப்பா."

அவர் மறுபடி கேட்கவில்லை. அவர் என்னை நம்பியதுபோல எளிதாக, அதன் பிறகு வாழ்க்கையில் வேறு யாரும் என்னை நம்பியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பினார். பண்டிகை முடிந்துதான் சாமான் வரும் என்று பதில் வந்தது. அந்தக் குளிரில் லயங்களில் காய்ச்சல் பரவியிருந்தது. அப்பா நிறமில்லாமலே மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார்.

முதலில் சத்தம் போட்டது பக்கத்து லயத்தில் கொழுந்து எடுக்கிற அத்தை. உறவில்லை, அப்படிக் கூப்பிடுவோம். அவளுடைய சின்ன மகளுக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். குப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"கம்பவுண்டரய்யா, எம்பிள்ளைக்கு மேலெல்லாம் அனலாக் கொதிக்கி. நீங்க பச்சத் தண்ணியக் குடுத்து அனுப்புதீயளே, ஞாயமா?"

"தண்ணி இல்லம்மா. நெறந்தான் இல்ல. மருந்து அதேதான். நாக்குல வச்சுப் பாரு, கசக்கும்."

அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "கசக்கத்தான் செய்யுது. வேப்பிலையை அவிச்சா அதுவுந்தான் கசக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒரு குரல், "சிவப்பெல்லாம் மலை எறங்கிப் போடிக்குப் போயிருக்கும்" என்றது. அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அத்தை எல்லோரும் பார்க்க மருந்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வெறும் குப்பியோடு போனாள். அப்பா அந்தக் குப்பியில் நான் வெட்டிய காகிதத்தை ஒட்டியிருந்தார். பற்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

பேச்சு அதோடு நிற்கவில்லை. நல்ல மருந்தைக் கம்பவுண்டர் போடியில் விற்றுவிட்டு வேப்பங்கஷாயம் ஊற்றுகிறார் என்று கங்காணி மானேஜரிடம் சொன்னார். பண்டிகை முடிந்ததும் பெரிய டாக்டர் வந்து விசாரிப்பார், திருட்டு உண்மை என்றால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவோம் என்று மானேஜர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். நாங்கள் இருந்த வீடும் தோட்டத்துடையதுதான். மலையை விட்டு இறங்கினால் போக ஓர் இடம் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு பொய்யைச் சொன்ன பிறகு உண்மையைச் சொன்னால் அடி இரண்டாக விழும் என்று எனக்குத் தோன்றியது. என் கணக்கு அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது நட்சத்திரத்துக்குள் பல்பு எரிந்தது. மலையில் அதைவிடச் சிவப்பான ஒன்றை யாரும் பார்த்ததில்லை. மேல் டிவிஷன் பையன்கள் இறங்கி வந்து அதையே பார்த்து நின்றார்கள். பெரியவர்கள் என் தலையைத் தடவினார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அப்பா வெளுத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் ஜெபத்துக்கு வந்தார். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மரத்தடிக்கு வந்ததும் நனைந்த நட்சத்திரத்தில் இருந்து ஒரு சொட்டு அவருடைய இடது தோளில் விழுந்தது. விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அண்ணாந்து மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சொட்டு இன்னொன்று விழுந்தது. அவர் நகரவில்லை.

"நல்லா இருக்குலே" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சட்டையை வாங்கி எலுமிச்சம்பழம் தேய்க்கப் போனாள். "விடு. அதைத் துவைக்காத" என்றார் அப்பா.

"நல்ல சட்டைங்க. கறை புடிச்சிரும்."

"புடிக்கட்டும்."

பண்டிகை கழிந்து டாக்டர் ஜீப்பில் வந்தார். அன்று காலையில் அப்பா அந்தச் சட்டையைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டார். "வேற சட்டையா இல்ல? கறையோடயா டாக்டர் முன்னால போய் நிப்பீக?" என்று அம்மா மன்றாடினாள். அவர் பொத்தான் போட்டார். எனக்கும் அது விசித்திரமாக இருந்தது. வேலை போகப்போகிற பயத்தில் அப்பாவுக்கு எதுவும் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். டாக்டர் காய்ச்சல் மருந்தை முகர்ந்தார், நாக்கில் வைத்தார், ஜாடிகளில் இருந்த இருப்பைச் சரிபார்த்தார். வாசலில் கங்காணியும் அத்தையும் இன்னும் சிலரும் நின்றார்கள்.

"மருந்து சரியாணு. ஒரு குறையும் இல்லா" என்றார் டாக்டர். "கலர் எங்கே?"

"ஒடஞ்சிருச்சு சார். திருநாள் அவசரம். எடுக்கும்போது கை தவறி மேல சாஞ்சிருச்சு." அப்பா இடது தோளைத் திருப்பிக் காட்டினார். "இந்தா பாருங்க, கறைகூடப் போகல."

டாக்டர் கறையைப் பார்த்தார். வாசலில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "இத்தனை வருஷம் சர்வீஸ் உள்ள ஆளு, சின்னப் பையன் மாதிரி" என்று டாக்டர் அலுத்துக்கொண்டார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகும் என்று அப்பா காத்துக்கொண்டிருந்தார். அது போயிற்று.

டாக்டர் போனார், சந்தேகம் போகவில்லை. மறுநாள் அத்தை குப்பியை நீட்டி, "டாக்டர் சொன்னா சரிதான். இருந்தாலும் நீங்க ஒரு மடக்குக் குடிச்சிட்டுத் தாங்க, கம்பவுண்டரய்யா" என்றாள். அப்பா அளவுக் குவளையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துக் காட்டினார். அவள் மகள் பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பின்னால் நின்றவரும் அதையே கேட்டார். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. புதுக் கலர் வந்து மருந்து பழையபடி சிவப்பான பிறகும் விடவில்லை. காலையில் வரிசை முடிவதற்குள் கறுப்பு, வெள்ளை, சிவப்பு எல்லாவற்றிலும் ஒவ்வொரு வாய் அவருக்குள் போயிருக்கும்.

அவருக்கு நாக்கு செத்துப்போனது. எது சாப்பிட்டாலும் கசந்தது. அம்மாவின் மீன்குழம்பைத் தொட்டுவிட்டுத் தள்ளி வைத்தார். "நாஞ்சமைக்கதே இப்பம் ஒங்களுக்குப் புடிக்கல" என்று அம்மா சண்டை பிடித்தாள். அவர் எழுந்து கை கழுவினார். நான் என் பங்கோடு சேர்த்து அவர் ஒதுக்கிய மீனையும் சாப்பிட்டேன்.

அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை அவர் அப்படியே குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் படிக்க வைத்தார். நான் படித்தேன், உத்தியோகம் பார்த்தேன், ஓய்வு பெற்றேன். அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது நான்தான் அவருக்கு மருந்து புகட்டினேன். அப்போதும் சொல்லவில்லை. அவர் தெரிந்துகொள்ளாமலே போகிறார் என்று நினைத்தேன். அந்தச் சட்டையை ஏன் துவைக்க விடவில்லை என்பது எனக்கு உறைத்தபோது கேட்பதற்கு அவர் இல்லை.

இன்னொன்று உண்டு. அன்று விசாரணை நடந்த அறைக்கு ஒரே ஒரு சன்னல். அதன் வழியே பார்த்தால் ஜெபக்கூடமும் மரமும் தெரியும். நட்சத்திரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. பனியில் நிறம் வழிந்து திட்டுத்திட்டாக அது தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் தலையைத் திருப்பினால் போதும். அப்போது அப்பா மேசையைச் சுற்றி நடந்து போய் அந்தச் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். டாக்டர் பேசி முடித்து எழுந்து போகும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் அசையவில்லை.

அப்பாவுக்குக் குளிர்கிறது, வெயில் காய்கிறார் என்று நான் நினைத்தேன்.