தவிட்டுக்கு வாங்கின பேரு

தொட்டில் கட்டுற தொழில்ல பூ வாடினா மாத்திக்கலாம், பலூன் வெடிச்சா வேற ஊதிக்கலாம், பேரை மட்டும் ஒரு வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டதா நான் பார்த்ததே இல்ல. கிள்ளான்ல ஒரு மருந்துக்கடைக்கு மேல எனக்கு மாடிக்கடை. பிள்ளை பொறந்த முப்பதாம் நாள் விசேஷத்துக்குத் தொட்டில் வாடகைக்குக் குடுத்து, ஜோடிச்சு, பின்னாடி ஒரு பலகையில பிள்ளையோட பேரையும் அதுக்குக் கீழ அர்த்தத்தையும் ஒட்டித் தருவேன். இந்த அர்த்தம் போடுற பழக்கத்தை யார் ஆரம்பிச்சு வச்சாங்களோ, அவங்க நல்லா இருக்கட்டும். பிள்ளைக்குப் பேர் தேடப் போய் மாமியாரோட, நாத்தனாரோட, கட்டின புருஷனோட முகம் குடுத்துப் பேசாம இருந்த பாவப்பட்ட ஜென்மங்களே, இது உங்களுக்குத்தான்.

காலிப் பலகை

செமினியிலேர்ந்து பிரேம்னு ஒரு தம்பி வந்தாரு. பொண்டாட்டி ரஞ்சனி பச்ச உடம்புக்காரி, வெளிய வரக்கூடாது. அதனால போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ கால்ல அவளுக்கு ஒவ்வொரு தொட்டிலாக் காட்டினாரு. ரஞ்சனியை எனக்கு முன்னாடியே தெரியும். போன தடவை வயித்துல இருக்கும்போதே பேர் முடிவு பண்ணி, என்கிட்ட பலகைக்கும் சொல்லி வச்சிருந்தா. அந்தப் பிள்ளை பொறந்த மூணாம் நாளே போயிடுச்சு. வெட்டி வச்ச எழுத்தையெல்லாம் நான் எடுத்துப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

இந்தப் பிள்ளை நல்லா இருக்கு, பால் குடிக்குது, எடை ஏறுது. ஆனா பேர் மட்டும் வைக்க மாட்டேங்குறா. பிறப்புப் பத்திரத்துக்குப் பதியணும்னு பிரேம் கெஞ்சுறாரு, மாமியார் தினம் ஒரு பேர் சொல்றாங்க, ஒண்ணும் நடக்கல. வெள்ளைத் தொட்டில் போதும்னு முடிவானதும் பலகைக்கு என்ன எழுதன்னு கேட்டேன். ரஞ்சனி சொன்னா:

"பேர் வச்சா எமன் காதுல விழுந்துடும் அக்கா. பலகை காலியாவே இருக்கட்டும்."

லட்சுமியில எந்தப் பகுதி?

அதே வாரம் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு அடுக்குமாடி கொண்டோவுல விசேஷம். பிள்ளைக்குப் பேரு ஸ்ரீயான்ஷிகா. நெட்டுல பாருங்க, வாயில நுழையாத பேர் எதைத் தட்டினாலும் அர்த்தம் ஒண்ணு இளவரசி, இல்லாட்டி சூரியன், அதுவும் இல்லாட்டி லட்சுமி. இந்தப் பேருக்கு 'லட்சுமியின் ஒரு பகுதி'ன்னு இருந்துச்சாம். அம்மாக்காரி அதையே ஒட்டச் சொல்லிட்டா, நானும் தங்கக் கலர்ல ஒட்டிட்டேன்.

ரயில்வேயில வேலை பார்த்து ரிட்டையர் ஆன தாத்தா வந்தாரு. பேரைச் சொல்லிப் பார்த்தாரு, பாதி வழியில நின்னுட்டாரு. தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை கிளம்பினாரு, அப்பவும் போய்ச் சேரல. அப்புறம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு அர்த்தத்தைப் படிச்சாரு. பக்கத்துல அவரு தங்கச்சி நின்னுக்கிட்டு, கேட்டரிங் ஆளுங்களை ஒருத்தர் விடாம ஏசிக்கிட்டு இருந்தாங்க. தாத்தா அந்தம்மாவை ஒரு பார்வை பார்த்துட்டு மருமகளைக் கேட்டாரு:

"லட்சுமியோட பகுதின்னா எந்தப் பகுதிம்மா? கையா இருந்தா சரி. வாயா இருந்தா ஏற்கனவே வீட்டுல ஒண்ணு இருக்கு."

மூணாம் பாதம்

செலாயாங் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோரி ஓட்டுற மணியத்துக்கு ஆண் பிள்ளை. நட்சத்திரம் திருவாதிரை, மூணாம் பாதம். கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, பேர் 'ங'வுல ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாரு. மணியத்தோட அம்மா அதைப் பிடிச்சுக்கிட்டாங்க, எழுத்து மாறினா பிள்ளைக்கு ஆகாதாம். 'ங'வுல எங்கங்க பேர் இருக்கு? மணியம் லோரியை ஓரமா நிறுத்திட்டு எனக்குப் போன் போடுறாரு, "அக்கா, நீங்க இத்தனை பலகை எழுதியிருக்கீங்க, ஒண்ணே ஒண்ணு கூடவா இல்ல?"ன்னு. இருந்தா நான் என்ன ஒளிச்சா வச்சிருக்கப் போறேன்?

கடைசியில, நட்சத்திரத்து எழுத்து கிடைக்கலன்னா நட்சத்திரத்தையே பேராக் கூப்பிடுங்க, ஆதிரையன்னு வைங்கன்னு சொன்னேன். ஐயரும் தலையாட்டிட்டாரு, கிழவியும் இறங்கி வந்துட்டாங்க. பலகையை எடுத்துட்டுப் போக வந்த மணியம் பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னாரு:

"மத்த மூணு பாதத்தையும் விட்டுட்டு இதுல வந்து பொறந்தான் பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சுக்கா, இவன் சொன்ன பேச்சு கேக்க மாட்டான்."

பி.எம்.

என் கடைக்குப் பேரு பி.எம். டெக்கோ. கஸ்டமருங்க ஆளாளுக்கு ஒண்ணு நினைச்சுக்குவாங்க. பத்மா, பார்வதி மணி, பிங்க் மூன்னு கூட ஒருத்தர் கேட்டிருக்காரு. நானும் சிரிச்சுக்கிட்டே விட்டுடுவேன். பிரேம் தொட்டில் திரைக்குக் கலர் பார்க்க மறுபடி வந்தப்ப, போனுக்குள்ள இருந்து ரஞ்சனி கேட்டா, "அக்கா, பி.எம்.னா என்ன?"ன்னு. அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வரல.

"பிச்சையம்மா"ன்னேன். ஜெஞ்சாரோம் பக்கத்துல எஸ்டேட்ல பொறந்தவ நான். எனக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைங்க எங்கம்மாவுக்குத் தங்கல. அதனால நான் பொறந்ததும் பக்கத்து வீட்டம்மா கையில என்னைக் குடுத்துட்டு, கோழிக்கு வச்சிருந்த தவிட்டை ஒரு முறம் அள்ளிக் கொடுத்துத் திரும்ப வாங்கிட்டாங்க. தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்கு நல்ல பேரா வைப்பாங்க? பிச்சைன்னு கூப்பிட்டா எமன் இதெல்லாம் ஒரு பிள்ளையான்னு திரும்பிப் பார்க்காம போயிடுவானாம். அந்தக் காலத்துக் குப்பம்மா, குப்புசாமி, பிச்சைமுத்து எல்லாம் இப்படி வந்த பேருங்கதான். அந்தப் பேரோட ஸ்கூல்ல நான் பட்ட பாடு நாய் படாது. சம்பாதிக்க ஆரம்பிச்சதும் முதல் வேலையா அதை ரெண்டு எழுத்துக்குள்ள அடக்கிட்டேன்.

ரஞ்சனி பக்கத்துல தூங்குற பிள்ளையைத் திரும்பிப் பார்த்தா. அப்புறம், "அந்தப் பேரையே எம்மகளுக்கு வைக்கிறேன்"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆடிட் ஆபீஸ்ல வேலை பார்க்குற பொண்ணு பேசுற பேச்சான்னு திட்டினேன். பிள்ளை வளர்ந்து உன்னையே ஏசும்லா, என் பொழப்பைப் பார்த்துமா கேக்குறே நீன்னு என்னென்னமோ சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவ ஒண்ணே ஒண்ணு சொன்னா:

"ஆனா நீங்க இருக்கீங்கல்ல அக்கா."

ஓட் பிரான்

செமினியில முப்பதாம் நாள் விடிகாலையிலேயே போய்த் தொட்டில் கட்டினேன். பிள்ளையை யார்கிட்டயாவது குடுத்து வாங்கணும்ல, அந்த ஆளும் நான்தான்னு ரஞ்சனி முடிவு பண்ணியிருந்தா. தவிட்டுக்குத்தான் திண்டாட்டம். சூப்பர்மார்க்கெட் முழுக்க அலைஞ்சிட்டு, பிரேம் ஒரு பாக்கெட்டோட வந்து நின்னாரு. "அக்கா, ஓட் பிரான்தான் கிடைச்சுது. ஆகுமா?" அதுவும் தவிடுதான் தம்பி, குடுங்கன்னேன்.

ரஞ்சனி பிள்ளையை என் மடியில வச்சா. அவ கை விட மாட்டேங்குது. "சும்மா சாங்கியம்தாம்மா, குடு"ன்னு அவ மாமியார் மெதுவா அந்தக் கையைப் பிரிச்சு விட்டாங்க. பிள்ளை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டுச்சு. நான் பாக்கெட்டை வாங்கிட்டு பிள்ளையைத் திருப்பிக் குடுத்தேன். ரஞ்சனி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, பொறந்ததிலேர்ந்து முதல் தடவையா, எல்லார் காதுலயும் விழுற மாதிரி "பிச்சை"ன்னு கூப்பிட்டா. நான் பாக்கெட்டால முகத்தை மறைச்சுக்கிட்டேன்.

மாமியாருக்கும் ஒரு பேர் வேணுமே. பிறப்புப் பத்திரத்துல நறுமுகை, வாசமான மொட்டுன்னு அர்த்தம், அவங்க தேடிப் பிடிச்சது. பலகையில நறுமுகைன்னு பெருசா ஒட்டி, நம்ம ஊர் ஆளுங்க ஐ.சி. அடையாள அட்டையில ரெண்டு பேருக்கு நடுவுல இருக்குற மாதிரி ஒரு அட் குறி போட்டு, பக்கத்துல பிச்சைன்னு ஒட்டினேன். நறுமுகைக்குக் கீழ அர்த்தம் ஒட்டியாச்சு. பிச்சைக்குக் கீழ இடம் காலியா இருந்துச்சு. இதுக்கு என்னம்மா போடன்னு கேட்டேன். ரஞ்சனி தொட்டிலை ஆட்டிக்கிட்டே சொன்னா:

"கேட்டு வாங்கினதுன்னு போடுங்க அக்கா."

இத்தனை வருஷமா எந்தப் பேரை நான் ரெண்டு எழுத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேனோ, அது இப்ப செமினியில வேளாவேளைக்குப் பால் குடிச்சிட்டு ஊரையே கூட்டி அழுதுக்கிட்டு இருக்கு.