ஆந்தைக்கு நட்ட மட்டை

எலி பிடிக்கும் ஆந்தைகள் வந்து உட்காரட்டும் என்று சம்பா வயலில் தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டுவைப்போம். பக்கத்து வயல் என் பெரியப்பா மகனுடையது. "எலிக்கு விஷம் வச்சா, அதைத் தின்னு ஆந்தையும் செத்துரும், வேண்டாம்ணே" என்று சொல்லியிருந்தேன். "நான் வைப்பனாடா" என்றார், என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே. நம்பினேன்.

கதிர் வரும் சமயத்தில் இரண்டு ஆந்தைகள் என் மட்டைகளின் அடியில் விறைத்துக் கிடந்தன. அவர் வரப்போரம் விஷம் கலந்த பொரி சிதறியிருந்தது. தப்பிய எலிகளைப் பிடிக்க இனி ஆளில்லை. அவை பெருகி, என் பயிரை அடியோடு வெட்டிப்போட்டன.

அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார்.

"மட்டையை நீ சரியா நடலை போலடா" என்றார்.