நான் பை வைத்த முதலை

என் தம்பி மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாட்டில், முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறான். சென்ற கோடை விடுமுறையில் நானும் கணவரும் திருக்கோவிலூரிலிருந்து அவனைப் பார்க்கப் போனோம். ஆற்றில் படகேறிப் பறவைகள் பார்த்தோம். வேர்க்கடலை அரைத்து ஊற்றிய குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் தம்பி ஒரு முதலைக் குளத்துக்குக் கூட்டிப்போனான். அவன் நுழைவுச் சீட்டு வாங்குவதற்குள் நான் வெயில் தாங்காமல் மரநிழலுக்கு நடந்தேன். அங்கே ஒரு முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. நம்மூர்ப் பூங்காக்களில் இருப்பதுபோல சிமெண்டுப் பொம்மை என்று நினைத்து, அதன் முதுகில் கைப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அது உசுரோட கீது. கையை ஆட்டாம மெதுவா எழுந்து வா" என்றான் தம்பி, தாழ்ந்த குரலில்.

திரும்பினேன். பொம்மை கண்ணைச் சிமிட்டியது. எப்படி எழுந்து வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

காவலாளி சிரித்துக்கொண்டே பையை எடுத்துக் கொடுத்தார். "இப்போதுதான் மீன் தின்றது, பசி இருக்காது" என்றார்.

"அந்த முதலைக்கு என்னைவிடப் பொறுமை ஜாஸ்தி" என்றார் என் கணவர்.

இப்போதெல்லாம் புது இடத்துக்குப் போனால் முதலில் அங்குள்ளவர்களைக் கேட்டுவிடுகிறேன். போன மாதம் கல்வராயன் மலை அருவியில் ஒரு பெண்ணிடம், "எங்க உக்காரலாங்க?" என்று கேட்டேன்.

"அங்க பாசி வழுக்கும். இந்தப் பாறை மேல குந்துங்க" என்றார்.

பாறையை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.